எட்டாவது வரிசைக்கு விட்ட இடம்

என் கட்டிலுக்கு அடியில ஒரு பெட்டி டைல் இருக்கு. உள்ளங்கை அகலத்துக்குச் சதுரமா, பால்ல ரெண்டு சொட்டு டீ விழுந்த மாதிரி ஒரு வெள்ளை. ஒவ்வொன்னையும் பழைய தமிழ்ப் பேப்பர்ல சுத்தி அடுக்கி, பெட்டி மேல மார்க்கர்ல பெருசா எழுதியிருக்கா என் தங்கச்சி: "தொடாதே. அக்கா, உன்னையும் சேத்துத்தான்." வீடு கூட்டுறப்ப துடைப்பம் அதுல போய் டொக்குன்னு முட்டும். முட்டுற ஒவ்வொரு தடவையும் "சாரி சாரி"ன்னு என் வாய் தானா சொல்லும். அவ உசுரோட இருந்தப்பவே அப்படித்தான். பெட்டியை இடிச்சா ரூம்லேர்ந்து கத்துவா. இப்ப கத்த ஆள் இல்ல. ஆனா சாரி சொல்றது மட்டும் நிக்கல.

நான் சிங்கப்பூர்ல, ஜாலான் புசார் பக்கம் ஒரு டைல் கடையில வேலை பாக்குறேன். செகண்டரி த்ரீயோட, அதாவது ஒம்பதாம் கிளாஸோட, படிப்பை நிறுத்திட்டேன். அப்பா எங்களை விட்டுட்டுப் போனதுதான் காரணம்னு கேக்குறவங்க கிட்டச் சொல்லுவேன். உண்மையைச் சொல்லணும்னா படிப்பு எனக்கு ஏறல. வீட்டுக்கு வரவேண்டிய மொத்தப் படிப்பையும் சின்னவ ஒருத்தியே எடுத்துக்கிட்டா. அதுல எனக்குப் பொறாமை கிடையாது. ஒரே வயித்துல பொறந்த ஒருத்தி இவ்வளவு தெரிஞ்சு வச்சிருக்காளேன்னு ஆச்சரியம்தான். எங்க செங்காங் வீட்டு ஹால்ல உக்காந்து அவ பேசுறதைக் கேக்குறப்ப, பாதி புரியாது, ஆனா எந்திரிச்சுப் போக மனசு வராது. நல்லா பாடுறவங்க பாட்டு மாதிரி. எழுத்துத் தமிழ் எனக்கு வராது, அதனால பேசுற மாதிரியே எழுதுறேன். அவளைப் பத்தி வேற மாதிரி எழுதுனா அது அவளா இருக்காது.

உலகத்துல இருக்குற எல்லாப் பொருளும் கொஞ்சம் தனிமங்களாலதான் ஆனதுன்னு பள்ளிக்கூடத்துல சொல்லித் தந்திருப்பாங்க. இரும்பு, தங்கம், ஆக்சிஜன், அந்த மாதிரி. ஒவ்வொன்னுக்கும் ஒரு நம்பர். அந்த நம்பர் வரிசையில கட்டம் கட்டமா அடுக்குனா அதுதான் தனிம அட்டவணை. நாங்க வீட்டுல டேபிள்னுதான் சொல்லுவோம். அதுல இப்போதைக்கு ஏழு வரிசை, நூத்திப் பதினெட்டு கட்டம். கடைசியில வர்றதெல்லாம் மண்ணுல தோண்டி எடுத்தது இல்ல. மனுஷங்க லேப்ல உருவாக்குனது. இதை நான் படிச்சேனா மறந்தேனான்னு எனக்கே தெரியல. ஆனா என் தங்கச்சிக்கு அந்த டேபிள் மேல ஒரு பைத்தியம். பாலிடெக்னிக்ல கெமிக்கல் இன்ஜினியரிங் சேர்ந்த முதல் வருஷம், என் கிட்ட வந்து, "அக்கா, உங்க கடையில வேண்டாம்னு தூக்கிப் போடுற டைல் இருக்குமே, எனக்கு வேணும்"னா. கம்பெனி ஒரு டிசைனை நிறுத்திடுச்சுன்னா மிச்சம் இருக்குறது கடையில தூசி படிஞ்சு கிடக்கும். அப்படிக் கிடந்த இந்த வெள்ளை டைலைப் பூராவும் முதலாளி என்னை எடுத்துக்கச் சொல்லிட்டாரு. அவ ஒவ்வொன்னுலயும் செராமிக் பேனாவால எழுத்தும் நம்பரும் எழுதி, அம்மா கேக் போடுற ஓவன்ல வச்சுச் சுட்டா. ஒரு மாசம் எங்க வீட்டுல கேக் கிடையாது.

அம்மாவுக்கு முதல்ல இது சுத்தமாப் பிடிக்கல. எங்க ஹால்ல அந்தச் சுவத்துல ஒரே ஒரு படம்தான் இருந்துச்சு, திருஇருதய ஆண்டவர் படம், கீழ ஒரு சின்னச் சிவப்பு பல்பு. "ஆண்டவரை எறக்கிட்டு அங்க கெமிஸ்ட்ரி பாடமா? பூசைக்குப் போறவங்க வீடு மாதிரியா இருக்கும்?"னு அம்மா கேட்டாங்க. தங்கச்சி ஒரு பேப்பரை எடுத்துப் படம் போட்டுக் காட்டினா. சாதாரணமா அந்த டேபிளைப் புத்தகத்துல போடுறப்ப இடம் பத்தாதுன்னு நடுவுலேர்ந்து ரெண்டு வரிசையை வெட்டிக் கீழ தனியாப் போட்டுருவாங்களாம். "அதுங்க என்ன பண்ணுச்சு, அதுங்களை மட்டும் ஏன் தனியா உக்கார வைக்கணும்?"னு அவ அதுங்களைத் திரும்ப நடுவுல சேத்து நீளமாப் போட்டா. அப்படிப் போட்டா ரெண்டு ஓரமும் உசந்து நடுவுல பெரிய பள்ளம் வருது. "பாத்தீங்களா மா? இந்தப் பள்ளம் ஆண்டவருக்குன்னே விட்ட மாதிரி இருக்கு. அவரை ஒரு இன்ச் கூட நகத்த வேணாம்." அம்மா பேப்பரைக் கொஞ்ச நேரம் பாத்தாங்க. "நல்லாத்தான் பேசக் கத்துக்கிட்ட"ன்னு சொல்லிட்டு எந்திரிச்சுப் போய்ட்டாங்க. எங்க அம்மா சரின்னு சொல்ற விதம் அதுதான்.

டைல் ஒட்டுறதுக்கு எங்க கடை ஆளு ஒரு அண்ணன் வந்தாரு. புதுக்கோட்டைக்காரர். கடையில டைல் வாங்குறவங்க வீட்டுக்குப் போய் ஒட்டுறது அவர் வேலை. அவர் ஒட்டுனா ரசமட்டம் வச்சுப் பாக்கவே வேணாம், கண்ணே மட்டம். ஞாயித்துக்கிழமை, நாங்க பூசைக்கும் அப்படியே சொந்தக்காரங்க வீட்டுக்கும் போயிருந்தப்ப, சாவியையும் அவ போட்ட படத்தையும் வாங்கிக்கிட்டு வந்து வேலையை ஆரம்பிச்சுட்டாரு. நாங்க சாயங்காலம் திரும்பி வந்தப்ப ஏழு வரிசையும் முடிஞ்சு, பளபளன்னு, ஆண்டவர் நடுவுல ராஜா மாதிரி இருந்தாரு. அம்மாவே வாயைப் பொத்திக்கிட்டாங்க. ஆனா என் தங்கச்சி கீழ பாத்தா. ஏழாவது வரிசைக்கு அடியில, இந்த மூலையிலேர்ந்து அந்த மூலை வரைக்கும் அண்ணன் ஒரு ட்ரிம் அடிச்சிருந்தாரு. ட்ரிம்னா டைல் முடியுற இடத்துல வைக்கிற மெட்டல் பட்டை. ஓரம் உடையாம இருக்கவும், வேலை முடிஞ்சதுன்னு கண்ணுக்குத் தெரியவும் வைப்பாங்க. எங்க தொழில்ல ட்ரிம் வைக்காம விட்டா வேலையைப் பாதியில போட்டுட்டுப் போய்ட்டான்னு சொல்லுவாங்க. கடையிலேர்ந்தே ஒசத்தியான ட்ரிம்மா எடுத்துட்டு வந்து, எங்களுக்காக ஆசையா வச்சிருந்தாரு பாவம்.

"அண்ணே, இதை ஏன்ணே வச்சீங்க?"

"முடிஞ்சுதுல்ல பாப்பா. முடிச்சா ட்ரிம் வைக்கணும்ல?"

"முடியலண்ணே! இன்னும் வரும்!"

அவர் என்னைப் பாத்தாரு. நான் அம்மாவைப் பாத்தேன். அண்ணன் பொறுமையா, "எத்தனை வரும்னு சொல்லு பாப்பா, அதுக்குத் தகுந்த மாதிரி எடம் விட்டு வச்சுடுறேன்"னாரு.

"தெரியாதுண்ணே."

"எப்ப வரும்?"

"அதுவும் தெரியாது. யாருக்குமே தெரியாது."

"எத்தனைன்னு தெரியாது, எப்பன்னு தெரியாது. தெரியாத வேலைக்கு எப்படி பாப்பா எடம் விடுறது?"

அதுக்கு அவ சொன்ன பதில்தான் இன்னைக்கு வரைக்கும் என் காதுல இருக்கு. "சும்மா விடுங்கண்ணே. காலியா விடுங்க. காலியா விட்டாலே அது வரும்னு அர்த்தம்." அண்ணன் தலையைச் சொறிஞ்சாரு. அப்புறம் பையிலேர்ந்து உளியை எடுத்து, அவரே அடிச்ச ட்ரிம்மை அவரே தட்டித் தட்டிப் பேத்து எடுத்தாரு. எடுக்கறப்ப சுவத்துல கொஞ்சம் பூச்சு பேந்துடுச்சு. நீளமா ஒரு தழும்பு. சரி பண்ணிப் பெயிண்ட் அடிச்சுத் தரேன்னு அவர் சொன்னதுக்கும் அவ வேணாம்னுட்டா. முடிஞ்சுச்சுன்னு நெனச்சு ஒருத்தர் மூடுனாரு, அப்புறம் திறந்தாங்கன்னு தெரியணுமாம்.

எட்டாவது வரிசை வந்தா அது இதை விட நீளமா இருக்குமாம். ஐம்பது கட்டம் வரைக்கும் போகும்னு ஒரு கணக்கு இருக்காம். "அப்ப சுவர் பத்தாதேடி?"ன்னு கேட்டேன். "திரும்பி கிச்சனுக்குள்ள போகும்"னா. உள்ள வெங்காயம் நறுக்கிட்டிருந்த அம்மா கத்தியோட வெளிய வந்து, "என் கிச்சனுக்குள்ள எதுவும் வரக்கூடாது"ன்னாங்க. "புதுசாக் கண்டுபிடிச்சா என்ன பேரு வைப்பாங்க?"ன்னு அண்ணன் கேட்டாரு. ஊரு பேரு, நாட்டுப் பேரெல்லாம் வச்சிருக்காங்கன்னு இவ சொன்னதும், டக்குன்னு "புதுக்கோட்டையம்"னாரு. அவ விழுந்து விழுந்து சிரிச்சா. அதுலேர்ந்து, அடுத்து வரவேண்டிய நூத்திப் பத்தொம்பதுக்கு எங்க வீட்டுல பேரு புதுக்கோட்டையம்தான். நெசத்துல அதுக்கு இன்னும் பேர் கிடையாது. நம்பரையே லத்தீனும் கிரேக்கமும் கலந்து சொல்லி ஒரு தற்காலிகப் பேர் வச்சிருக்காங்க. ஆஸ்பத்திரியில பொறந்த குழந்தைக்குப் பேர் வைக்கிறதுக்கு முன்னாடி கையில 'இன்னாரோட பேபி'ன்னு அட்டை கட்டுவாங்கல்ல, அது மாதிரின்னா. "ஆனா அக்கா, இங்க குழந்தை இன்னும் பொறக்கவே இல்ல. அதுக்குள்ள அட்டை ரெடி."

எப்படி உருவாக்குவாங்கன்னு ஒரு நாள் கேரம் போர்டை வச்சுக் காட்டினா. நடுவுல ஒரு காயினை வச்சா. "இது பெரிய அணு." ஸ்ட்ரைக்கரைக் கையில எடுத்தா. "இது சின்ன அணு. இதைச் சுண்டி அதுல அடிக்கணும். அடிச்சா என்ன ஆகும்?" தெறிக்கும்னேன். "ஆங். தெறிக்கக் கூடாது. ஒட்டிக்கணும். ஒட்டிக்கிட்டு ஒன்னா ஆயிடணும்." இது நடக்குற காரியமாடின்னு கேட்டேன். நடக்காதாம். கோடி தடவை, கோடானுகோடி தடவை அடிச்சா எங்கயோ ஒரு தடவை ஒட்டுமாம். அதுக்காக மாசக்கணக்கா மிஷினை ஓட விட்டுட்டு உக்காந்திருப்பாங்களாம். கால்சியத்தைச் சுண்டிச் சுண்டியே நூத்திப் பதினெட்டு வரைக்கும் வந்துட்டாங்க, அதுக்கு மேல கால்சியம் பத்தல, இப்ப டைட்டானியம், வனேடியம், குரோமியம்னு இன்னும் கனமானதை வச்சு அடிச்சுப் பாக்குறாங்க, ஒன்னும் மாட்டலன்னா. டைட்டானியம் எனக்குத் தெரியும். வெள்ளை பெயிண்ட்ல போடுறது. கடையில பெயிண்ட் விக்கிற அங்கிள் சொல்லியிருக்காரு. அதைச் சொன்னதும் அவ முகம் அப்படியே மலர்ந்துச்சு. "ஆமாக்கா! அதேதான்! நீ டெய்லி பாக்குறதுதான்!" எனக்கு ஒன்னு தெரிஞ்சா அவளுக்கு அப்படி ஒரு சந்தோஷம். படிச்சவங்க நெறைய பேரை எனக்குத் தெரியும். நமக்குத் தெரிஞ்சதைக் கேட்டு சந்தோஷப்படுறவங்களை ரொம்பப் பாத்ததில்ல.

அப்படிக் கஷ்டப்பட்டு உருவாக்குன ஒரே ஒரு அணுவும் கண்ணை மூடித் திறக்குறதுக்குள்ள போயிடுமாம். யாரும் அதை நேர்ல பாத்ததில்ல. அப்புறம் எப்படி இருந்துச்சுன்னு சொல்றாங்கன்னு கேட்டேன். அது உடைஞ்சு, ஒரு துண்டைத் துப்பிட்டு, ரெண்டு நம்பர் எறங்கி வேற ஒன்னா ஆகும். அதுவும் ஒன்னைத் துப்பிட்டு இன்னும் ரெண்டு எறங்கும். படிக்கட்டு மாதிரி எறங்கி எறங்கி, ஏற்கெனவே நமக்குத் தெரிஞ்ச ஒன்னுல வந்து நிக்கும். அதைப் பிடிச்சுக்கிட்டு ஒவ்வொரு படியா மேல போய், உச்சியில என்ன நின்னுச்சுன்னு சொல்லுவாங்களாம்.

பொங்கோல் கரைக்கு நாங்க சாயங்காலத்துல சைக்கிள்ல போவோம். படகுத்துறையில நின்னா எதிர்க்க மலேசியாவோட ஜொகூர் தெரியும், பக்கத்துல உபின் தீவு. ஒரு நாள் அவ கையை நீட்டி, "இந்த மாதிரி ஒரு தீவு இருக்குன்னு சொல்றாங்கக்கா"ன்னா. நம்பர் ஏற ஏற தனிமம் எல்லாம் சீக்கிரம் சீக்கிரமா உடைஞ்சு போகுது. ஆனா இன்னும் கொஞ்சம் தள்ளிப் போனா, உடையாம நெறைய நேரம் நிக்கிறது கொஞ்சம் இருக்கலாம்னு கணக்கு சொல்லுதாம். சுத்தியும் கடல், நடுவுல ஒரு தீவு. இப்பப் போயிருக்குறவங்க அதோட ஓரத்து மணல்ல கால் வச்சிருக்காங்க, அவ்வளவுதான். "அங்க போனா என்ன கிடைக்கும்?"னு கேட்டேன். பிசினஸ்ல இருக்குற ஆளாச்சே நான். அவ தோளைக் குலுக்குனா. "தெரியல லா. தெரிஞ்சா ஏன் போகணும்?" அப்புறம் கொஞ்ச நேரம் தண்ணியைப் பாத்துக்கிட்டே, "நான் ஒன்னும் கண்டுபிடிக்கப் போறதில்லக்கா. அதுக்கெல்லாம் மிஷின் வேணும், பெரிய பெரிய ஆளுங்க வேணும். ஆனா வர்ற அன்னைக்கு டைல் ரெடியா இருக்கணும். அது நம்ம வேலை"ன்னா. நம்ம வேலைன்னு சொன்னா. என் வேலையும்தான்னு.

அதுக்குத்தான் அந்தப் பெட்டி. கம்பெனியில டைல் சுடுற ஒவ்வொரு தடவையும் நிறம் ஒரு பொட்டு மாறும். இன்னைக்கு வாங்குன வெள்ளையும் அடுத்த வருஷம் வாங்குற வெள்ளையும் பக்கத்துல வச்சா ஒட்டாது. அதனாலதான் எங்க கடையில யார் வந்தாலும், கூடக் கொஞ்சம் வாங்கி வச்சுக்குங்க, பின்னாடி உடைஞ்சா இதே ஷேட் கிடைக்காதுன்னு சொல்லுவோம். இதை அவ கிட்ட நான்தான் சொன்னேன். அன்னைக்கே மிச்ச டைல் எல்லாத்தையும் பேப்பர்ல சுத்தி, அவ கட்டிலுக்கு அடியில தூசி ஜாஸ்தின்னு என் கட்டிலுக்கு அடியில தள்ளிட்டா. சுவத்துல அந்தக் காலி இடத்துல ஒன்னும் மாட்ட விட மாட்டா. ஒரு தடவை அம்மா கோயில் காலண்டரை அங்க டேப் போட்டு ஒட்டுனாங்க. அவ ஸ்கூல் பிள்ளை மாதிரி அழுதுட்டா. அம்மா சிரிச்சுக்கிட்டே எடுத்து ஃப்ரிட்ஜ்ல ஒட்டுனாங்க. எங்கயாவது லேப்ல மறுபடியும் தேடிப் பாத்து ஒன்னும் கிடைக்கலன்னு செய்தி வந்தா, எனக்குத்தான் வருத்தமா இருக்கும். அவ தட்டுல சோத்தைப் போட்டுக்கிட்டு, சுவத்துக்கு எதிர்க்கத் தரையில சம்மணம் போட்டு உக்காந்து, அந்தத் தழும்பைப் பாத்துக்கிட்டே சாப்பிடுவா. "இந்த வழியில வரலன்னு தெரிஞ்சுச்சுல்ல? அதுவும் லாபம்தான்." டிவி வேற பக்கம் இருந்துச்சு. அவ அதுக்கு முதுகைக் காட்டிக்கிட்டுத்தான் உக்காருவா.

போன வருஷம் அவளுக்குக் காய்ச்சல் வந்துச்சு. டெங்கு. எங்க அடுக்குமாடி புளோக்ல நெறைய பேருக்கு வந்து சரியாப் போச்சு. அவளுக்கு மட்டும் சரியாப் போகல. ஆஸ்பத்திரிக்குப் போறப்ப தானே நடந்து போய் டாக்சியில ஏறுனா. அதுக்கு மேல அதை எழுத எனக்குத் தெம்பு இல்ல.

புளோக்குக்குக் கீழ வெட்டவெளியில கூடாரம் போட்டு அவளை வச்சிருந்தோம். அவ கூடப் படிச்சதுங்க எல்லாம் வந்துச்சுங்க. ஒரு மலாய்ப் பொண்ணு, என்னை இதுக்கு முன்னாடி பாத்ததே இல்ல, வந்து என் கையைப் பிடிச்சுக்கிட்டு, "நீங்கதானே டைல் அக்கா"ன்னு கேட்டா. தங்கச்சி கிளாஸ்ல பூரா என்னைப் பத்திச் சொல்லியிருக்கா. "எங்க அக்காவுக்கு டைட்டானியம் எல்லாம் தெரியும்"னு சொல்லியிருக்கா. அப்பத்தான் நான் உடைஞ்சேன். அதுவரைக்கும் அழல. கீழ் வீட்டுப் பிள்ளைங்களுக்கு அவ சயின்ஸ் சொல்லிக் குடுப்பா. அதுல ஒரு பையன் அவனா செஞ்ச பேப்பர் டேபிளைக் கொண்டு வந்து சவப்பெட்டி மேல வச்சான். அதுலயும் கீழ ஒரு வரிசை காலி. இப்படி ஒவ்வொருத்தரா வந்து ஒன்னு ஒன்னு சொல்லச் சொல்ல, அந்தப் படிக்கட்டு ஞாபகம் வந்துச்சு. எறங்குனதைப் பிடிச்சுக்கிட்டு மேல போறது. இதை அவ கிட்டச் சொன்னா என்ன சொல்லுவான்னும் எனக்குத் தெரியும். "ஓவர் சென்டிமென்ட் அக்கா. அது அணு, நான் மனுஷி. என்னை நீ நேர்லயே பாத்த."

முப்பதாம் நாள் பூசைக்கு முன்னாடி அன்பியத்து ஆன்ட்டிங்க, அதான் எங்க கோயில் செபக் குழு, வீட்டுக்குச் செபமாலை சொல்ல வந்தாங்க. முடிச்சுட்டு டீ குடிக்கிறப்ப ஒரு ஆன்ட்டி, "புள்ள படத்தை இன்னும் மாட்டலயா? ஆண்டவருக்குக் கீழதானே மாட்டணும்?"னு கேட்டாங்க. எங்க பங்குல எல்லா வீட்டுலயும் அப்படித்தான். செத்தவங்க படம் ஆண்டவர் படத்துக்கு நேர் கீழ இருக்கும், அவர் பாதத்துல இருக்குற மாதிரி. அம்மா ஏற்கெனவே படத்தைப் பெருசாக்கி, தேக்குல ஃப்ரேம் போட்டு வச்சிருந்தாங்க. ஆண்டவருக்கு நேர் கீழன்னா எது? ஆறாவது வரிசை, ஏழாவது வரிசை, அதுக்கு அடியில அந்தக் காலி இடம்.

ஆன்ட்டிங்க போனதும் நான் அம்மா கிட்டச் சொன்னேன், அங்க வேணாம் மா, அவ விடமாட்டான்னு. அம்மா முதல்ல நிதானமாத்தான் பேசுனாங்க. "அவ சொன்னது அந்த இடது மூலையில தானே வரும்? நூத்திப் பத்தொம்பது. நான் நடுவுலதானே மாட்டச் சொல்றேன்?" எல்லாத்தையும் காதுல வாங்கித்தான் வச்சிருந்திருக்காங்க, வெங்காயம் நறுக்கிக்கிட்டே. நான் சொன்னேன், அங்கேர்ந்து ஆரம்பிச்சு நடுவுக்கும் வரும் மா. எப்ப வரும்னு கேட்டாங்க. தெரியாது, நூறு வருஷம்கூட ஆகலாம்னேன்.

"நூறு வருஷம் கழிச்சு வர்றதுக்கு என் வீட்டுல இடம் இருக்கு. நான் பெத்ததுக்கு இடம் இல்லையா?"

பெத்தவங்க கிட்ட என்னத்தைச் சொல்றது? ஆனா என் தங்கச்சி இந்த உலகத்துல எனக்குன்னு விட்டுட்டுப் போன ஒரே வேலை அதுதான், அந்த இடத்தைக் காலியா வச்சிருக்குறது. சொத்து கிடையாது, நகை கிடையாது. ஒரு காலி இடம். அதையும் விட்டுட்டா அவ சொன்ன 'நம்ம வேலை'யில என் பங்கு என்ன? ரெண்டு நாள் நானும் அம்மாவும் பேசிக்கல. ஒரே மேசையில சாப்பிட்டோம், உப்பு வேணும்னாகூடக் கையை நீட்டித்தான் எடுத்தோம்.

பூசைக்கு முதல் நாள் மத்தியானம் அம்மா புதுக்கோட்டை அண்ணனைக் கூப்பிட்டிருந்தாங்க. கையில டிரில்லோட வந்தாரு. படத்தைப் பாத்ததும் டிரில்லைக் கீழ வச்சாரு. அப்புறம் காதுல இருந்த பென்சிலை எடுத்து, "எங்க போடட்டும்க்கா?"ன்னு கேட்டாரு. அம்மா ஆண்டவருக்குக் கீழ கையைக் காட்டுனாங்க. அண்ணன் சுவத்துகிட்டப் போனாரு. அந்தத் தழும்பு மேல விரலை வச்சு இந்த மூலையிலேர்ந்து அந்த மூலை வரைக்கும் தடவுனாரு.

"அக்கா, தப்பா நெனச்சுக்காதீங்க. அன்னைக்கு நான் அடிச்சதை என்னை வச்சே பேத்து எடுக்க வச்சுச்சு பாப்பா. மறுபடியும் அதே எடத்துல என்னையே ஓட்டை போடச் சொல்றீங்க. கை வரல."

"நீ தள்ளு தம்பி. நானே பாத்துக்குறேன்"னு சொல்லிட்டு அம்மா படத்தை ரெண்டு கையாலயும் தூக்கிக்கிட்டு வந்தாங்க. தழும்புக்குக் கீழ சுவத்தோட சேத்துப் பிடிச்சுக்கிட்டு, கழுத்தைப் பின்னால இழுத்து, சரியா இருக்கான்னு பாத்தாங்க. நான் கிச்சன் வாசல்ல நின்னுக்கிட்டிருந்தேன். தடுக்கணும்னு ஒரு மனசு. பெத்தவங்க கையிலேர்ந்து அந்தப் படத்தை எப்படிப் பிடுங்குறது? அம்மா படத்தைக் கொஞ்சம் ஏத்திப் பாத்தாங்க, எறக்கிப் பாத்தாங்க. அப்புறம் அப்படியே நின்னுட்டாங்க.

"இங்க மாட்டுனா அவளுக்கு அது தெரியாதே"ன்னாங்க.

எனக்குப் புரியல. அம்மா படத்தை நெஞ்சோட சேத்துப் பிடிச்சுக்கிட்டு எங்க பக்கம் திரும்புனாங்க. "அவ ஒரு நாளாச்சும் இதுக்கு முதுகைக் காட்டி உக்காந்திருக்காளா? சோறு திங்குறப்பக்கூட இதைப் பாத்துக்கிட்டுதானே தின்னா. இங்க மாட்டுனா அவ நம்மளைப் பாத்துக்கிட்டு இருப்பா. அது அவ முதுகுக்குப் பின்னாடில்ல போயிடும்?" நடந்து போய் எதிர்ச் சுவத்துல, அவ தரையில உக்காந்து சாப்பிடுற இடத்துக்கு நேர் மேல, உள்ளங்கையை வச்சாங்க. "இங்க அடி தம்பி. ஆண்டவரையும் பாத்த மாதிரி இருக்கும். அதையும் பாத்துக்கிட்டு இருக்கட்டும்." அண்ணன் டிரில்லைப் போட்டாரு. ஒரே ஓட்டை. ரசமட்டம் இல்லாமலே படம் நேரா நின்னுச்சு. போறப்ப வாசல்ல செருப்பை மாட்டிக்கிட்டே, "புதுக்கோட்டையம் வந்தா எனக்கு ஃபோன் பண்ணுங்க. ஊருக்குப் போயிருந்தாலும் வந்து நான்தான் ஒட்டுவேன்"னாரு. அம்மா அந்த மாசத்துல முதல் தடவையாச் சிரிச்சாங்க. "கிச்சனுக்குள்ள வரக்கூடாது, சொல்லிட்டேன்"ன்னாங்க.

இப்பல்லாம் காலையில ரயில்ல நிக்கிறப்ப ஃபோன்ல நூத்திப் பத்தொம்பதுன்னு போட்டுத் தேடிப் பாக்குறேன். வர்ற செய்தி இங்கிலீஷ்ல பாதிதான் புரியும். இன்னும் வரலங்குறது மட்டும் புரியும். எங்கயோ ஒரு ஊர்ல மிஷின் ஓடிக்கிட்டிருக்கு, யாரோ ஒருத்தங்க கோப்பி குடிச்சுக்கிட்டே காத்திருக்காங்க. முன்னாடி அவங்களை நெனச்சா எனக்கு வேற வேலை இல்லாதவங்கன்னு தோணும். இப்ப நம்ம ஆளுங்க மாதிரி தோணுது.

நேத்து ஒரு வயசான அங்கிள் கடைக்கு வந்தாரு. பேப்பர்ல சுத்துன ஒரு உடைஞ்ச துண்டை எடுத்து வச்சு, "இதே டைல் இருக்கா மா? பாத்ரூம்ல ஒன்னு விட்டுப் போச்சு. ஊர் பூராத் தேடிட்டேன்"னாரு. பாத்ததும் தெரிஞ்சுடுச்சு. பால்ல ரெண்டு சொட்டு டீ. அதே டைல், அதே வெள்ளை. என் கட்டிலுக்கு அடியில ஒரு பெட்டியே இருக்கு. ஒன்னைக் குடுத்தா யாருக்கும் தெரியாது. அங்கிளுக்கு அது பெரிய உதவி. துண்டைத் திரும்பப் பேப்பர்ல சுத்துனேன். "இல்ல அங்கிள். இருக்குறது எல்லாம் வேற ஒருத்தருக்கு எடுத்து வச்சது"ன்னேன். "அவர் எப்ப வந்து எடுத்துக்குவாரு?"ன்னு கேட்டாரு. எனக்குத் தெரியலன்னு சொன்னேன்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து பெட்டியை இழுத்துத் திறந்து பாத்தேன். ஈரம் ஏறல, எல்லாம் பத்திரமா இருக்கு. திரும்ப உள்ள தள்ளுனப்ப கட்டில் கால்ல இடிச்சுது. சாரின்னேன். அப்புறம் தட்டுல சோத்தைப் போட்டுக்கிட்டு ஹால்ல தரையில உக்காந்தேன், அவ படத்துக்குக் கீழ. எதிர்க்க ஏழு வரிசை, தழும்பு, அதுக்குக் கீழ வெறும் சுவர். ரெண்டு பேரும் அதையே பாத்துக்கிட்டிருந்தோம்.